ஐந்து நிமிட மேடையில் கொங்குத் தமிழ் எடுபடுமா?

ஒன்றரை ஷிப்ட், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது செக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசராக இருக்கிறேன். வருகிற சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்குக் கோவையில், அவிநாசி சாலையை ஒட்டிய மாடி அரங்கு ஒன்றில் ஸ்டாண்ட்அப் நகைச்சுவை நிகழ்ச்சி நடக்கவிருக்கிறது. அதில் புதியவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் ஐந்து நிமிட வாய்ப்புகளில் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. எண்பது பேர் அமரக்கூடிய இடம் என்றும், முதல் ஒரு மணி நேரம் எங்களைப் போன்றவர்கள் பேசி முடித்த பிறகு பெயர் பெற்ற ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுவார் என்றும் சொன்னார்கள். சனிக்கிழமை எங்களுக்குச் சம்பள நாள். எட்டரை மணிக்கு முடிகிற ஒன்றரை ஷிப்டை விட்டுவிட்டு மாலையிலேயே கிளம்புவதற்கு முதலாளியிடம் என்ன காரணம் சொல்வது என்பதே இன்னும் முடிவாகவில்லை. ஆனால் நான் கேட்க வந்தது அதுவன்று.

தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் பார்த்த பழக்கத்தில், முழுவதையும் சென்னைப் பேச்சில், “மச்சி” என்றும் “செம” என்றும் எழுதி வைத்திருந்தேன். வீட்டில் பேசிக் காட்டியபோது என் மனைவி கடைசிவரை சிரிக்காமல் கேட்டுவிட்டு, “ஏனுங்க, இது யாரு பேசறதுங்க?” என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அந்தத் தாளைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. நம் பேச்சிலேயே பேசலாம் என்றால், கூட்டத்தில் பாதிப் பேர் வெளிமாவட்டங்களிலிருந்து வந்து கோவையில் படிப்பவர்களும் ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுமாக இருப்பார்களாம். “பொழுதோட வந்து ஒறம்பரை ஊட்ல உக்காந்தேனுங்க” என்று தொடங்கினால் அவர்களுக்குப் புரியுமா?

கையில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று மனைவியைப் பற்றியது, ஒன்று முதலாளியைப் பற்றியது. மூன்றாவது எங்கள் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனைப் பற்றியது. (ஒடியா பேசுகிறவரையும் எங்கள் ஊரில் இந்திக்காரர் என்றுதான் சொல்வோம்.) அவன் தமிழ் முழுவதையும் எங்கள் கம்பெனிக்குள்தான் கற்றான். ஒருநாள் ஓவர்லாக் மிஷினில் துணி சிக்கி உள்ளே இழுத்துக்கொண்டபோது, பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றாமல், மிஷினைப் பார்த்து, “நில்லுங்க, நில்லுங்க” என்று கத்தினான். பிரிவே சிரித்தது. தமிழ் தெரியாதவன் படும் பாடு என்று இதை முடிக்கலாமா? எழுபது வயதை நெருங்கும் என் அம்மாவும் வருவதாகச் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேடைவிளக்கு, கோவை

நண்பருக்கு வாழ்த்துகள். நான் இத்தகைய நிகழ்ச்சிகளுக்குச் சில ஆண்டுகளாக ஒலியும் விளக்கும் பார்த்து வருகிறேன். ஆகவே என்ன பேசுவது என்பதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, எப்படிப் பேசுவது என்பதைச் சொல்கிறேன்.

ஐந்து நிமிடம் கொடுத்தால் நான்கு நிமிடத்துக்குத்தான் எழுத வேண்டும். கூட்டம் சிரிக்கிற நேரமும் உங்கள் கணக்கில்தான் சேரும். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வரியைத் தொடங்குவது புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு. அடங்கத் தொடங்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும், முழுவதும் அடங்கும்வரை காத்திருக்கவும் கூடாது. நான்காவது நிமிடத்தின் முடிவில் அரங்கின் பின்புறமிருந்து ஒரு சிறு விளக்கைக் காட்டுவோம். அதைக் கண்டதும் தலையாட்டவோ “ஐயோ, நேரமாயிடுச்சுங்களா” என்று கேட்கவோ வேண்டாம். கூட்டத்துக்கு அந்த விளக்கு தெரியாது, உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். லண்டனில் 1979இல் தொடங்கிய காமெடி ஸ்டோர் அரங்கில், பிடிக்காத பேச்சாளரைச் சேகண்டி போன்ற ஒரு தட்டை அடித்து இறக்கிவிடுவார்களாம். நம் ஊரில் சேகண்டி ஓசை கேட்டால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எல்லாரும் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார்கள் என்பதால், நாங்கள் விளக்கோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மேடையேறியதும் மைக்கைத் தாங்கியிலிருந்து எடுத்துவிட்டு, தாங்கியை உங்களுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். அது முன்னால் நின்றால் கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசுகிறவரைப் போலத் தெரியும். கொங்குத் தமிழில் பேசுவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பேச்சில் வாக்கியத்தின் வால் தேய்ந்து, “வந்தனுங்”, “இல்லீங்” என்று மூக்கொலியில் முடிகிறது. பழக்கமில்லாதவர்கள் கடைசிச் சொல்லுக்கு முன்பே மைக்கை வாயிலிருந்து இறக்கிவிடுவார்கள். அப்போது அந்த “ங்” கூட்டத்துக்குக் கேட்காமலே போய்விடும். என் அனுபவத்தில் நம் ஊர்க்காரர்களின் வேடிக்கை பெரும்பாலும் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. ஆகவே சிரிப்பு வரும்வரை மைக் வாயருகிலேயே இருக்கட்டும்.

ஷிப்ட் பற்றி ஒரு சொல். தொகுப்பாளரிடம் முன்கூட்டியே சொன்னால் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் உங்களைப் போடுவார்கள். எட்டேகாலுக்குள் அரங்கில் இருந்தால் போதும்.

கோபி வாத்தியார், கோபிச்செட்டிபாளையம்

தம்பி, உங்கள் மனைவி கேட்ட ஒரு கேள்வியிலேயே உங்களுக்கான விடை இருக்கிறது. கொங்குப் பேச்சு மற்றவர்களுக்குப் புரியுமா என்று நீங்கள் அஞ்சத் தேவையில்லை. உடுமலைப் பக்கத்தில் பிறந்த கவுண்டமணியும், எங்கள் கோபிக்கு அருகே வெள்ளாங்கோவிலில் பிறந்த பாக்யராஜும், சூலூர் மணிவண்ணனும் இந்தப் பேச்சைத் தமிழ்நாடு முழுவதுக்கும் பழக்கிவைத்துவிட்டார்கள். 1995இல் வந்த ‘சதிலீலாவதி’யில் கோவை சரளா படம் முழுவதும் கொங்குத் தமிழே பேசினார், தூத்துக்குடியிலும் கடலூரிலும் இருந்தவர்கள் அகராதியை வைத்துக்கொண்டா அந்தப் படத்தைப் பார்த்தார்கள்? “ஒறம்பரை” என்ற சொல் தெரியாதவர்கூட, வாசலில் வந்து நிற்கிறவரைப் பார்த்து நீங்கள் முகத்தை மாற்றுகிற விதத்திலிருந்து அது விருந்தாளி என்று தெரிந்துகொள்வார்.

கோவைக் குசும்பு என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அது வேறு ஊர்களின் நக்கலிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். வேறு இடங்களில் ஒருவரைக் கேலி செய்ய வேண்டுமென்றால் மரியாதையைக் குறைப்பார்கள், நாம் கூட்டுவோம். சத்தியமங்கலம் போகிற பேருந்தில், படியில் தொங்கிய கல்லூரி மாணவரிடம் நடத்துநர் சொன்னதை என் காதால் கேட்டேன்: “ஏனுங் தம்பி, உழுகறதா இருந்தா முன்னாடியே சொல்லிப்போடுங்க, டிக்கெட்டுக் கிழிக்காம உட்டுடறனுங்க.” திட்டியிருந்தால் அந்தப் பையன் எதிர்த்துப் பேசியிருப்பான். இந்த மரியாதைக்கு மறுமொழி கிடையாது என்பதால் பேசாமல் உள்ளே வந்துவிட்டான்.

ஒடிசாப் பையனின் கதையைத் தமிழ் தெரியாதவனின் கதையாக முடிக்க வேண்டாம். தொல்காப்பியர், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகள் எட்டில் நகையை, அதாவது சிரிப்பை, முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறார். நீங்கள் அதைப் பேதைமை என்று எடுத்துக்கொண்டீர்கள், அதாவது அறியாமை. எனக்கு அது மடனாகப் படுகிறது. கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என்று மடனுக்கு உரை கூறுவார்கள். ஒருவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருத்தல். பேசினால் “ங்க” போட்டுத்தான் பேச வேண்டும் என்று கொங்கு நாடு அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது, அவன் மிஷினுக்கும் போட்டான். தமிழ் தெரியாதவனா அவன்? நம்மைவிட நன்றாகக் கற்றுக்கொண்டவன். நம் மண்ணின் மரியாதைக்குக் கிடைத்த நற்சான்றாக அதைச் சொல்லுங்கள், அரங்கு எழுந்து கைதட்டும்.

ஈரோட்டு மஞ்சள், ஈரோடு

சென்ற மாத நிகழ்ச்சிக்குப் பார்வையாளராகப் போயிருந்தேன். அம்மாவைத் தாராளமாக அழைத்துவரலாம், ஆனால் முதல் இரண்டு வரிசைகளில் உட்கார வைக்க வேண்டாம். மேடையில் இருப்பவர்கள் அங்கே இருப்பவர்களிடம்தான் பேச்சுக் கொடுப்பார்கள். என்னிடம் என்ன தொழில் என்று கேட்டார்கள். மஞ்சள் மண்டி என்று சொன்னதிலிருந்து நிகழ்ச்சி முடியும்வரை பேசியவர்கள் எல்லாரும் என் முகத்தின் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். முக்கியப் பேச்சாளர் சில இடங்களில் கெட்ட வார்த்தை பேசினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று நுழைவுச்சீட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

பீளமேட்டு அம்மணி, கோவை

அண்ணா, நீங்கள் சொல்கிற அதே மேடையில் நான் பத்துப் பன்னிரண்டு முறை பேசியிருக்கிறேன். அவற்றில் நான்கு முறை யாருமே சிரிக்கவில்லை, ஆகவே என் சொல்லுக்கு ஓரளவு மதிப்பு உண்டு என்று எண்ணுகிறேன்.

மனைவியைப் பற்றிய பகுதியில் அவர் கடை கடையாக ஏறிச் சேலை எடுக்கிறார், போனில் பேசிக்கொண்டே இருக்கிறார் என்பவைதான் இருக்குமானால் அதை எடுத்துவிடுங்கள். அன்று மேடையேறுகிற ஆண்களில் மூன்று பேராவது உங்களுக்கு முன்பே அதைச் சொல்லி முடித்திருப்பார்கள். “இது யாரு பேசறதுங்க” என்று உங்கள் மனைவி கேட்டது ஒன்றே அவற்றையெல்லாம்விட நன்றாக இருக்கிறது. அதையே முதல் வரியாக வைத்துக்கொள்ளலாம். முதலாளியைப் பற்றிய பகுதியை, அவர் தன் செல்பேசியில் உங்கள் வீடியோவைப் பார்ப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள், ஏனென்றால் கட்டாயம் பார்ப்பார்.

வாத்தியார் ஐயா சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன், மீதியில் எனக்கு வழக்கு உண்டு. நம் “ங்க” எல்லாருக்கும் கிடைப்பதில்லை ஐயா. என் அப்பச்சி தோட்டத்தில் வேலைக்கு வந்த அறுபது வயதுப் பெரியவர், ஏழு வயதுச் சிறுமியான என்னை “வாங்க சின்னம்மிணி” என்று அழைத்ததும், எங்கள் வீட்டார் அவரைப் பெயர் சொல்லி “வாடா” என்று அழைத்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருக்குத் தேநீர் கொடுக்கும் டம்ளர் திண்ணையின் எரவாணத்தில் தனியாகச் செருகியிருக்கும். யார் யாருக்கு “ங்க” போடுகிறார், யார் போடுவதில்லை என்று பார்த்தாலே தோட்டம் யாருடையது என்று தெரிந்துவிடும். ஆகவே அந்தப் பையனின் “நில்லுங்க” நம் மண்ணுக்கு அவன் தருகிற நற்சான்று என்று நீங்கள் மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும்தான்; ஆனால் அது நாமே நமக்குத் தட்டிக்கொள்கிற கை.

தொல்காப்பியத்துக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் எழுதிய உரையில் எள்ளலுக்கு இரண்டு பக்கம் சொல்லியிருப்பதை ஐயா என்னைவிட நன்றாக அறிவார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது மற்றொன்று. அண்ணா எழுதி வைத்திருப்பது முதல் வகை. அதை இரண்டாவதாக மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரே ஒரு கேள்வி, அண்ணா: மிஷினை “நில்லுங்க” என்று சொன்ன அந்தப் பையனை நீங்கள் கம்பெனியில் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?

ஒன்றரை ஷிப்ட், திருப்பூர்

எல்லாருக்கும் நன்றி. அம்மணியின் கேள்விக்கு உடனே பதில் எழுதாமல் இரண்டு நாள் எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்க வேண்டும். “டேய்” என்றுதான் கூப்பிடுகிறேன். அதை நான் அறியாமலே பதினேழு ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறேன் என்றால் உங்களில் சிலர் நம்ப மாட்டீர்கள். நேற்று ஒன்றரை ஷிப்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கட்டிங் மாஸ்டர், அயர்னிங் ஆட்கள், பேக்கிங்கில் இருக்கும் அக்காமார், டீ கொண்டுவருகிறவர் உட்பட ஒருவர்கூட அவனுக்கு ஒரு “ங்க” போடவில்லை. அவனோ எல்லாருக்கும் போடுகிறான். நூல்கண்டு கீழே விழுந்து உருண்டபோது அதற்கும் “எங்க போறீங்க” என்றான்.

மாலை டீ நேரத்தில், உன்னைப் பற்றி மேடையில் பேசப் போகிறேன், பேசலாமா என்று கேட்டேன். எதைப் பற்றி என்று கேட்டான். மிஷின் கதையைச் சொன்னேன். மிஷினுக்கு எதற்கு மரியாதை கொடுத்தாய் என்று கேட்டபோது, டீயை ஊதிக்கொண்டே, சிரிக்காமல் சொன்னான்: “மிஷினு வெரலை எடுத்துப்போடுமுங்க. நீங்க சத்தம் மட்டுந்தானுங்க போடுவீங்க.” பக்கத்தில் நின்ற கட்டிங் மாஸ்டருக்குப் புரையேறி, குடித்த டீ மூக்கில் வந்துவிட்டது. நான் மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியதில் இதற்கு ஈடாக ஒரு வரிகூட இல்லை.

எனவே முதலாளியையும் மனைவியின் சேலையையும் எடுத்துவிட்டேன். மனைவி கேட்ட கேள்வியில் தொடங்கி, நடுவில் மிஷின், பிறகு “டேய்” என்று கூப்பிடும் நான், கடைசியில் அவன் சொன்னது என்று வைத்திருக்கிறேன். வீட்டில் பேசிப் பார்த்தபோது அம்மா சிரித்தார். மனைவி சிரித்துவிட்டு, “இது நீங்க பேசறதுங்க” என்றார். நேரம் மூன்று நிமிடம் ஐம்பது விநாடி வருகிறது. ஒரே ஒரு ஐயம். கடைசி வரி அவனுடையது. அதை நான் சொல்லி, கைதட்டலையும் நானே வாங்கிக்கொள்வது முறைதானா?

பீளமேட்டு அம்மணி, கோவை

அவர் சொன்னதாகவே சொல்லுங்கள் அண்ணா, அப்படிச் சொன்னால் அது திருட்டாகாது. மேடைக்காரர்களிடையே அடுத்தவர் வரியைத் தன் வரி போலச் சொல்வதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. சொன்ன பிறகு ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். “இதிலிருந்து நான் புரிந்துகொண்டது என்னவென்றால்” என்று தொடங்கினீர்களானால் அடுத்த மாதம் உங்களுக்கு எதிராக நானே பேச வருவேன். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். அவருடைய பேச்சை வேறு குரலில் நடித்துக் காட்டவும் வேண்டாம். உங்கள் குரலிலேயே சொன்னால் போதும்.

கோபி வாத்தியார், கோபிச்செட்டிபாளையம்

அம்மணியிடம் என் வழக்கு தோற்றது, மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பிள்ளையின் மறுமொழியைப் படித்த பிறகு, அவனிடம் மடன் இருப்பதாக நான் எழுதியதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த மேசையைச் சுற்றி அன்றைக்குப் பேதைமை யாரிடம் இருந்தது என்பது தெளிவாகவே தெரிகிறது.

ஒன்றரை ஷிப்ட், திருப்பூர்

ஐயா, என்னிடம்தான் இருந்தது. சனிக்கிழமைக்கு அவனையும் அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அரை ஷிப்ட் சம்பளம் போய்விடுமே என்று யோசிக்கிறான். அந்தப் பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன் என்றதற்கு, “நீங்க மேடையில சம்பாதிச்சுக் குடுங்க” என்கிறான். புதியவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு மூன்றாவது வரிசையில் இடம் கிடைக்குமா?

மேடைவிளக்கு, கோவை

நான்காவது வரிசையின் ஓரத்தில் மூன்று இருக்கைகளுக்குத் துண்டு போட்டு வைக்கிறேன். அம்மா, உங்கள் மனைவி, அந்தத் தம்பி. விளக்கு காட்டும் இடத்துக்கு நேர் முன்னால் அது இருப்பதால், நீங்கள் விளக்கைப் பார்க்கும்போது அவர்கள் முகமும் தெரியும். நிகழ்ச்சி முடிய பத்து மணி ஆகிவிடும். காந்திபுரத்தில் திருப்பூர் பேருந்தைப் பிடித்துவிடலாம். “போடுவீங்க” என்று முடிகிறவரை மைக்கை இறக்காதீர்கள்.